காண்டின்ஸ்கியின் வண்ண வட்டங்கள்: கடையில் வாங்கிய அச்சுப் படத்தை மதிப்பிடும் முறை

வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளில் அமைந்த பன்னிரண்டு சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒன்றை ஒன்று சூழ்ந்து நிற்கும் பல நிற வட்டங்கள். ரஷ்ய ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கி 1913இல் தீட்டிய இந்தப் படத்தை, அவர் பெயரை அறியாதவர்களும் எங்காவது பார்த்திருப்பார்கள். விடுதி அறை, பல் மருத்துவரின் காத்திருப்புக் கூடம், பள்ளி ஓவிய வகுப்பு, இணையக் கடைகளின் சுவர் அலங்காரப் பகுதி என அது நுழையாத இடம் குறைவு. அதனாலேயே வீடு காலி செய்யும்போதும், பழைய பொருள் கடையில் வாங்கி வந்த பிறகும், குடும்பத்தில் பொருள்களைப் பங்கிடும்போதும் ‘இது என்ன விலை பெறும்?’ என்ற கேள்வி இந்தப் படத்தைப் பற்றி அடிக்கடி எழுகிறது.

மூலப் படம் ஜெர்மனியின் முனிக் நகரிலுள்ள லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் கையில் இருப்பது மூலமா என்ற ஐயத்துக்கு இடமில்லை. அது ஒரு பிரதிதான். ஆனால் பிரதி என்று தெரிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி ஒதுக்குவது மதிப்பீடு ஆகாது. ஓர் அருங்காட்சியகம் தன் கண்காட்சிக்காக அச்சிட்ட பழைய போஸ்டரும், சென்ற மாதம் இணையத்திலிருந்து இறக்கிய கோப்பைக் கொண்டு கேன்வாஸில் அச்சிட்ட படமும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றாகத் தோன்றினாலும், அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். அவற்றின் விலையும் ஆயுளும் வேறு. எனவே யாருடைய ஓவியம் என்று கேட்பதற்கு முன்னர், இந்தப் பொருள் எதனால், எந்த முறையில், ஏறத்தாழ எப்போது செய்யப்பட்டது என்று கேட்கப் பழக வேண்டும். இந்த ஒழுங்கில் கேட்பவர் பெரும்பாலும் தவறான விலைக்குப் போவதில்லை.

மூலத்தோடு ஒப்பிடுதல்

மதிப்பீட்டாளர் முதலில் அறிய வேண்டியது மூலத்தின் அளவு. காண்டின்ஸ்கியின் இந்தப் படம் சுமார் 24 செ.மீ. உயரமும் 32 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. ஒரு பள்ளிக் குழந்தையின் வரைதாள் அளவுதான். நீர்வண்ணம், குவாஷ் எனப்படும் அடர்நீர்வண்ணம், கிரேயான் ஆகியவற்றால் தாளின் மீது தீட்டப்பட்டது. நிறங்கள் ஒன்றின் அருகில் ஒன்று நிற்கும்போது எவ்வாறு தோன்றுகின்றன என்று ஓவியர் தமக்காகச் செய்து பார்த்த ஆய்வு இது. படத்தின் தலைப்பே இதனை நிற ஆய்வு என்றுதான் குறிப்பிடுகிறது. லென்பாக்ஹவுஸில் உள்ள காண்டின்ஸ்கி படைப்புகளின் பெரும்பகுதி, அவருடன் பல ஆண்டுகள் வாழ்ந்த ஓவியர் கேப்ரியேலே மூன்டர் 1957இல் அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தவை.

இந்தச் சிறு விவரங்களிலிருந்தே பல முடிவுகள் கிடைக்கின்றன. உங்கள் படம் ஒரு மீட்டர் அகலத்தில் இருந்தால், அது மூலத்தை நீளத்தில் மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்கியது. கேன்வாஸ் துணியின் மீது தடித்த தூரிகைத் தடங்களோடு இருந்தால், தாளில் நீர் கலந்து தீட்டிய ஒரு படத்துக்கு இல்லாத இயல்பை விற்பனையாளர் சேர்த்திருக்கிறார். சதுரங்களை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பது இருந்தால், சதுர வடிவச் சட்டத்துக்குப் பொருந்துவதற்காக ஒரு பத்தியை வெட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டும் இருந்து படம் நின்றவாக்கில் இருந்தால், அதனைப் பக்கவாட்டில் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். வட்டங்கள் நீள்வட்டமாகத் தெரிவது மட்டும் குற்றமாகாது. மூலத்திலும் அவை கையால் சுழற்றித் தீட்டப்பட்டவை, ஒன்றுகூட வட்டக்கருவியால் வரைந்தது போல் இராது. மாறாக, வட்டங்கள் எல்லாம் துல்லியமாகவும் ஒவ்வொரு நிறமும் ஒரே சீராகவும் இருந்தால், உங்களிடம் இருப்பது மூலத்தின் பிரதிகூட இல்லை. கணினியில் அதன் சாயலில் புதிதாக வரைந்த ஒரு வடிவமைப்பு. மதிப்பீட்டில் இதனைக் காண்டின்ஸ்கியின் படத்தின் பிரதி என்று எழுதக்கூடாது.

அடுத்தது நிறம். அருங்காட்சியகம் வெளியிட்டுள்ள படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். திரையின் நிறமும் முழுமையாக நம்பத்தக்கதன்று என்பதால், ஒரு நிறத்தைத் தனியாகப் பார்க்காமல் நிறங்களுக்கு இடையிலான உறவைப் பார்ப்பது நல்லது. மூலத்தில் சில நிறங்கள் செறிந்தும் சில நிறங்கள் தாளின் வெண்மை ஊடுருவும்படி நீர்த்தும் நிற்கின்றன. ஈர நிறம் பக்கத்து வளையத்துக்குள் கசிந்த இடங்களும் உண்டு. மலிவான பிரதிகளில் இந்த வேறுபாடு மறைந்து, எல்லா நிறங்களும் சம அளவில் கூவுகின்றன. நிறங்கள் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்காகவே தீட்டப்பட்ட படத்தில் அந்த ஏற்ற இறக்கம் போய்விட்டால், மிச்சம் இருப்பது வெறும் அலங்காரம்தான் என்பது என் உறுதியான கருத்து. அச்சின் தரத்தை எடைபோடும்போது இதற்கே முதலிடம் தர வேண்டும்.

வடிவியல் அருவ ஓவியங்களில் மேல் எது, கீழ் எது என்பதையும் எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. டச்சு ஓவியர் பியத் மோந்திரியன் 1941இல் ஒட்டு நாடாக்களைக் கொண்டு உருவாக்கிய ‘நியூயார்க் சிட்டி 1’ என்ற படைப்பு பல பத்தாண்டுகள் தலைகீழாகவே தொங்கி வந்திருக்கிறது என்பதை, 1944இல் வெளியான அவருடைய பணியறைப் புகைப்படத்தை ஆதாரமாகக் காட்டி, டுசெல்டார்ஃப் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஒருவர் 2022இல் எடுத்துரைத்தார். அருங்காட்சியகத்திலேயே இது நடக்கும் என்றால், சட்டம் போடும் கடையில் நடப்பதில் வியப்பில்லை. பின்புறக் கொக்கி இருக்கும் பக்கத்தை வைத்து மேல்பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். பதிவான படத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

லூப் வழியே பார்த்தல்

இந்த வேலைக்கு இன்றியமையாத கருவி, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு உருப்பெருக்கி வில்லையான லூப். அச்சகப் பொருள் விற்கும் கடைகளிலும் நகைத் தொழிலாளர்களுக்கான கருவி விற்கும் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதனோடு பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்ச ஒரு டார்ச்சும், புற ஊதா ஒளி தரும் ஒரு சிறு டார்ச்சும், அளவு நாடாவும் போதும். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, சுத்தமான வெள்ளைத் துணி விரித்த மேசையில் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு மேலிருந்து லூப் வழியே பார்த்தால் தெளிவு கிடைக்காது. முடிந்தால் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். ஆனால் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது தெரிந்தால் அதை இழுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

படத்தின் செறிந்த பகுதியை முதலில் பார்ப்பது பலரும் செய்வது. அங்கே மைப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் எதுவும் விளங்காது. வெளிர் மஞ்சளோ இளஞ்சாம்பலோ உள்ள ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, அது அடுத்த நிறத்தைத் தொடும் விளிம்பில் லூப்பை நிறுத்துங்கள். அங்கே சயான் எனப்படும் பசுநீலம், மெஜந்தா எனப்படும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சிறு பூவிதழ்களைப் போல வட்டம் வட்டமாகக் கூடி நின்றால், அது ஆஃப்செட் அச்சு, அதாவது போஸ்டர்களையும் புத்தகங்களையும் பெருமளவில் அச்சிடும் அச்சக முறை. நான்கு நிறங்களின் புள்ளி வரிசைகளும் வெவ்வேறு கோணங்களில் சாய்த்து அச்சிடப்படுவதால்தான் இந்த அமைப்பு உண்டாகிறது. கறுப்பு வழக்கமாக 45 பாகையில் நிற்கும். நல்ல போஸ்டர்களில் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரிசைகள் இருக்கும். நாளிதழ்த் தரத்தில் அச்சிட்டதில் இதைவிடக் குறைவாக இருந்து, லூப் இல்லாமலே புள்ளிகள் தெரியும். வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கீற்றோ நீலக் கீற்றோ தெரிந்தால், அச்சகத்தார் சொல்வதைப் போல ரெஜிஸ்டர் தள்ளிப்போயிருக்கிறது, அதாவது நான்கு நிறங்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. தரத்தைக் குறைத்து எழுத இது தக்க காரணம்.

ஒழுங்கான வரிசை எதுவும் இல்லாமல், மிக நுண்ணிய புள்ளிகள் தூவியது போலச் சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் இங்க்ஜெட் அச்சு. ஜிக்லே என்ற பெயரில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதும் இதே முறையில் செய்ததுதான். நிறமி மையும் அமிலமற்ற பருத்தித் தாளும் பயன்படுத்தியிருந்தால் அது நீண்ட நாள் நிற்கும், சாதாரணச் சாய மையும் மலிவான தாளும் என்றால் சில ஆண்டுகளிலேயே வெளிறும். பெயரைக் கொண்டு இதை அறிய முடியாது. விற்றவரின் ரசீதில் மையின் வகையும் தாளின் வகையும் எழுதியிருந்தால் மட்டுமே மதிப்பில் சேர்க்க வேண்டும். ஆஃப்செட்டிலும் சிதறிய புள்ளிகள் கொண்ட ஒரு முறை உண்டு என்பதால், தீர்ப்பு எழுதும் முன் ஓரத்தில் உள்ள கறுப்பு எழுத்துகளையும் பாருங்கள். ஆஃப்செட்டில் எழுத்து கூர்மையான விளிம்போடு ஒரே கறுப்பு மையால் நிறைந்திருக்கும்; இங்க்ஜெட்டில் எழுத்தைச் சுற்றி மிகச் சிறிய மைத் தெறிப்புகள் காணப்படும்.

புள்ளியே இல்லாமல், ஒவ்வொரு நிறமும் தனித்தனி மைப் படலமாகத் தாளின் மேல் சற்று உயர்ந்து நின்றால், அது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வலைத் திரை வழியே தாளில் அழுத்தும் ஸ்கிரீன் பிரிண்டிங். டார்ச்சைத் தாளோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் இந்த மேடு தெளிவாகத் தெரியும். வடிவியல் ஓவியர்கள் பலர் விரும்பித் தேர்ந்த முறை இது. ஜோசஃப் ஆல்பர்ஸும் விக்டர் வாசரேலியும் தம் மேற்பார்வையில் ஸ்கிரீன் பிரிண்ட்களை வெளியிட்டிருக்கிறார்கள். காண்டின்ஸ்கியின் இந்த நீர்வண்ணப் படத்தை ஸ்கிரீன் முறையில் அச்சிட நிறைய நிறத் திரைகள் தேவைப்படும் என்பதால் அது அரிது. கிடைத்தால், யார் எப்போது அச்சிட்டார் என்று கூடுதலாகத் தேடிப் பார்ப்பது வீணாகாது.

மோசடியைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு அறிகுறிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில பிரதிகளில் பூவிதழ்ப் புள்ளி அமைப்பு மங்கலாகவும், அதன் மேல் வேறோர் அளவில் இன்னொரு புள்ளி அமைப்பு தெளிவாகவும் தெரியும். ஏதோ ஒரு புத்தகத்திலோ நாட்காட்டியிலோ அச்சான படத்தை ஸ்கேன் செய்து மீண்டும் அச்சிட்டால் இப்படி வரும். தொலைவிலிருந்து பார்க்கும்போது வெளிர் நிறங்களில் அலையலையான கோடுகளாக அது தென்படும். இது பிரதியின் பிரதி. அருங்காட்சியகம் தந்த புகைப்படத்திலிருந்து அச்சிட்டது என்ற விற்பனையாளரின் கூற்றை இது ஒன்றே பொய்யாக்கிவிடும். மற்றொன்று, கேன்வாஸ் பிரதிகளின் மேல் பூசும் நிறமற்ற அக்ரிலிக் களிம்பு. தூரிகைத் தடம் இருப்பதாகக் காட்ட, அச்சிட்ட பின் இதனைக் கையால் தடவுகிறார்கள். பக்கவாட்டு ஒளியில் அந்தத் தடங்கள் வட்டத்தின் வளைவைப் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். உண்மையில் தீட்டியவரின் தூரிகை வட்டத்தோடு சுழலும், நிறம் முடியும் இடத்தில் நிற்கும். களிம்புத் தடமோ சிவப்பிலிருந்து பச்சைக்கும் அங்கிருந்து கறுப்புக்கும் குறுக்கே நேராக ஓடும்.

உண்மையாகவே கையால் தீட்டிய எண்ணெய் வண்ணப் பிரதிகளும் பெருமளவில் உற்பத்தியாகின்றன. சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள டாஃபென் கிராமம் 1989இலிருந்து இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கையால் தீட்டியது என்பதற்காகக் காண்டின்ஸ்கியோடு அதற்கு உறவு கூடிவிடாது. ஆயினும் ஒரு மனிதரின் உழைப்பு அதில் இருப்பதால், அச்சுப் பிரதியோடு சேர்க்காமல் தனி வகையாக, தீட்டியவரின் திறமையைக் கண்டு மதிப்பிட வேண்டும்.

பெரிய அளவுப் பிரதிகளில் வட்ட விளிம்புகள் படிக்கட்டாக உடைந்து தெரிந்தால், மூலக் கோப்பு சிறியது என்று பொருள். கணக்கு எளிது: 1,200 பிக்சல் அகலமுள்ள இணையப் படத்தை 90 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 34 பிக்சல் மட்டுமே கிடைக்கும். அருகில் நின்று பார்க்கும் படத்துக்கு 300 இருப்பது நல்லது. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150 போதும்.

ஓரத்து எழுத்துகள் காட்டும் காலம்

போஸ்டரின் கீழ் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. காலத்தை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. பிரான்சின் ஓவியர் உரிமை அமைப்பான ஏடிஏஜிபியின் பெயர் இருந்தால் அச்சு 1953க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஜெர்மனியின் விஜி பில்ட்-குன்ஸ்ட் பெயர் இருந்தால் 1968க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. 13 இலக்கப் பார்கோடு 1970களின் பிற்பகுதிக்குப் பின்னரே வந்தது. பதிப்பாளரின் ஜெர்மன் முகவரியில் ஊர்ப் பெயருக்கு முன் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், 1993 ஜூலைக்கு முன் அமைத்த பதிப்பு. ஐந்து இலக்கம் இருந்தால் அதற்குப் பின். மேற்கு ஜெர்மனியில் அச்சிடப்பட்டது என்ற வரி 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்ததற்கு முந்தையது. பிரான்சுத் தொலைபேசி எண்கள் 1996 அக்டோபரில்தான் எட்டு இலக்கத்திலிருந்து பத்து இலக்கமாயின. இணைய முகவரி அச்சாகியிருந்தால் எப்படியும் 1990களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

பழைய போஸ்டர்களையும் இப்போது மறுஅச்சு செய்கிறார்கள் என்பதால் எழுத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. அந்த எழுத்தையும் லூப்பில் பாருங்கள். முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து நான்கு நிறப் புள்ளிகளால் ஆனதாக இருந்தால், பழைய போஸ்டரை முழுப் படமாக ஸ்கேன் செய்து அச்சிட்டிருக்கிறார்கள். புற ஊதா டார்ச்சின் கீழ் தாள் நீலம் கலந்த வெண்மையில் ஒளிர்ந்தால், அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான வெண்மையூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. போருக்கு முந்தைய அச்சு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிகிறது.

ஒரு குறிப்பிட்ட கண்காட்சியின் பெயரும் தேதியும் கொண்டு, அந்தக் காலத்திலேயே அச்சான போஸ்டருக்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நான் மதிப்பீட்டில் தயங்காமல் கூட்டி எழுதுவது இந்த ஒரு வகைக்குத்தான். புத்தகத்திலிருந்து கிழித்த பக்கங்களைச் சட்டமிட்டு, பழைய லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) என்ற பெயரில் விற்பவர்கள் உண்டு. பின்புறத்தில் எழுத்தோ வேறு படமோ அச்சாகியிருப்பதும், ஒரு பக்க ஓரத்தில் தையல் துளையோ பசைத் தடமோ இருப்பதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

கையெழுத்து, எண், சான்றிதழ்

காண்டின்ஸ்கி 1944 டிசம்பரில் காலமானார். அவர் மறைவுக்குப் பின் அச்சான எதிலும் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது என்ற எளிய உண்மையை விலை பேசும் நேரத்தில் மறந்துவிடுகிறார்கள். ஓரத்தில் கையெழுத்தோ, கோண வடிவுக்குள் கே எழுத்தைக் கொண்ட அவருடைய முத்திரைக் குறியோ இருந்தால் லூப்பில் பாருங்கள்; புள்ளிகளால் ஆனதாக இருந்தால் அது அச்சு. பென்சிலின் கிராஃபைட் மினுமினுப்போடு, தாளின் இழை மேடுகளில் மட்டும் படிந்திருந்தால் யாரோ கையால் எழுதியது. போருக்குப் பிந்தைய போஸ்டரில் அது இருந்தால் போலிக் கையெழுத்து என்று அஞ்சாமல் எழுத வேண்டும். இதனால் பொருளின் மதிப்பு குறைகிறது, கூடுவதில்லை. அதை உண்மை என்று சொல்லி விற்பவர் சட்டச் சிக்கலில் மாட்டுவார் என்பதையும் உடைமையாளரிடம் கனிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஓவியரே அச்சுக்காகப் படைத்தவை வேறு. காண்டின்ஸ்கி ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, 1922இல் ‘சிறு உலகங்கள்’ என்ற பன்னிரண்டு அச்சுப் படைப்புகளின் தொகுப்பு 230 படிகளாக வெளியானது. அவற்றில் ஒன்று கிடைத்தால் அது பிரதி ஆகாது. அதுவே மூலப் படைப்பு, தேர்ந்த நிபுணரிடம் உடனே காட்ட வேண்டியது. படிகளின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதும் ஒரு படைப்பைப் பிரதியாக்கிவிடாது. ஆல்பர்ஸ் 1972இல் வெளியிட்ட ‘ஃபார்முலேஷன்: ஆர்ட்டிகுலேஷன்’ என்ற தொகுப்பில் 127 ஸ்கிரீன் பிரிண்ட்கள் உள்ளன, 1,000 படிகள் அச்சாயின. அதன் தனித் தாள்கள் இன்றும் சந்தைக்கு வருகின்றன, அவை ஓவியரின் படைப்பாகவே மதிக்கப்படுகின்றன. ஓவியர் அந்த அச்சுக்காகவே அதை உருவாக்கி, அதை ஏற்று வெளியிட்டாரா என்பதுதான் எல்லைக்கோடு.

மாறாக, 17/250 என்று எண்ணிட்ட காண்டின்ஸ்கி ஜிக்லேயின் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும்; காண்டின்ஸ்கியின் படைப்புகளுக்கு அது 2004இன் இறுதியோடு முடிந்துவிட்டது. 70 ஆண்டுக் காலம் கொண்ட ஜெர்மனியில் 2014இன் இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு யாரும் எத்தனை படி வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒரு விற்பனையாளர் தம் கடையில் 250 படியோடு நிறுத்திக்கொள்வதால் உலகில் அந்தப் படம் அரிதாகிவிடுவதில்லை. அவரே அச்சிட்டு இணைத்துத் தரும் மெய்த்தன்மைச் சான்றிதழும் இந்த வகையே. அது எந்தத் தாளில், எந்த மையில், எந்த ஆண்டில் அச்சானது என்ற விவரத்தைத் தந்தால் அந்த அளவுக்கு மட்டும் பயன்படும். பதிப்புரிமை முடியாத ஓவியர்களின் நிலை வேறு. வட்டத்தையும் முக்கோணத்தையும் பிந்து (புள்ளி) என்ற கருத்தையும் கொண்டு தீட்டிய இந்திய ஓவியர் எஸ். எச். ராசா 2016இல் மறைந்தார். அவருடைய படைப்புகளுக்கு இந்தியாவில் உரிமை 2076 வரை நீடிக்கிறது. உரிமம் இல்லாமல் அச்சிட்ட ராசா பிரதிக்கு மதிப்பு எழுதித் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

நிலையைப் பார்த்தல்

வெளிறலை அறிய ஒரு நம்பகமான வழி உண்டு. சட்டத்தைக் கழற்றியதும், சட்டத்தின் உதடு அல்லது படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மறைத்திருந்த ஓரத்தையும் வெளிச்சம் பட்ட நடுப்பகுதியையும் ஒப்பிடுங்கள். மறைந்திருந்த விரற்கடை அகல ஓரமே அந்த அச்சின் பழைய நிறத்தைச் சொல்லும். ஆஃப்செட் மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலில் முதலில் மங்குகின்றன. சயானும் கறுப்பும் நின்றுவிடுகின்றன. அதனால் சன்னலுக்கு எதிரே தொங்கிய போஸ்டர் முழுவதும் நீலம் பாய்ந்து கிடக்கும். பிற படங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்பும் மஞ்சளும் நீலத்தோடு மோதுவதையே பொருளாகக் கொண்ட இந்தப் படத்தில் அந்த இழப்பு முழு இழப்புக்குச் சமம்.

தாளில் பழுப்புப் புள்ளிகள், மவுண்ட் அட்டையின் அமிலம் ஏற்படுத்திய பழுப்புக் கோடு, ஈரத்தால் வந்த நெளிவு, இராமபாணப் பூச்சி சுரண்டிய இடங்கள், மடிப்புத் தடம், வெட்டிக் குறைத்த ஓரம் ஆகியவற்றை அளவோடு குறிக்க வேண்டும். ஓரத்தை வெட்டியிருந்தால் பதிப்பாளர் வரியும் போயிருக்கும், அதோடு காலத்துக்கான சான்றும் போய்விடும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்த படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பழைய கண்காட்சிப் போஸ்டராக இருந்தாலும் சேகரிப்பு மதிப்பு அதோடு தீர்ந்தது. சுத்தம் செய்து பார்க்கிறேன் என்று ஈரப் பஞ்சை வைக்காதீர்கள். சாய மையால் அச்சிட்ட இங்க்ஜெட் உடனே கரைந்து ஓடும்.

விலை எழுதுதல்

எதற்காக மதிப்பு கேட்கிறார் என்று தெரியாமல் ஒரு தொகையையும் எழுதக்கூடாது. காப்பீட்டுக்கு என்றால், இதே தரத்தில் மீண்டும் வாங்கிச் சட்டமிட ஆகும் செலவு. விற்பதற்கு என்றால், இரண்டாங்கை சந்தையில் வாங்குபவர் உண்மையில் தரும் தொகை. இரண்டும் வேறு. எடுத்துக்காட்டாக, அதே அளவில் நல்ல தாளில் புதிதாக அச்சிட 1,500 ரூபாயும் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து 4,000 ரூபாயும் ஆகும் என்று உங்கள் ஊர்க் கடைக்காரர் சொன்னால், மாற்று மதிப்பு 5,500 ரூபாய். விற்பனை மதிப்போ பெரும்பாலும் சட்டத்தையும் கண்ணாடியையும் வேறு படத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்பதைப் பொறுத்தே அமையும். ஆகவே படத்துக்கும் சட்டத்துக்கும் தனித்தனித் தொகை எழுதுங்கள். நல்ல தேக்குச் சட்டமோ, பிரதிபலிப்பில்லாத கண்ணாடியோ உள்ளே இருக்கும் படத்தைவிட அதிகம் பெறுவது வழக்கமே.

கண்காட்சிப் போஸ்டருக்கு ஒப்பீட்டு விலை தேடும்போது, இணையத்தில் கேட்கப்படும் விலைகளை எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்த விலைகளை மட்டும், அதே கண்காட்சி, அதே அளவு, அதையொத்த நிலை என்ற மூன்றும் பொருந்துமாறு எடுங்கள். ஏலத்தில் விற்றதாக இருந்தால், அந்தத் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டுக் கூலியை மதிப்பின் விழுக்காடாக வாங்குவதும், தாம் மதிப்பிட்ட பொருளைத் தாமே விலைக்குக் கேட்பதும் முறையல்ல. இவ்வாறு செய்பவரிடம் பொருளைக் காட்டாமல் இருப்பதே நல்லது.

மதிப்பீட்டுக் குறிப்பை இப்படி எழுதலாம்: ‘வாசிலி காண்டின்ஸ்கியின் 1913ஆம் ஆண்டு நிற ஆய்வின் ஆஃப்செட் பிரதி, தாள், பட அளவு 50 × 67 செ.மீ.; பதிப்பாளர் வரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு உள்ளதால் 1993 ஜூலைக்குப் பிந்தையது; கையெழுத்து இல்லை; மஞ்சளும் மெஜந்தாவும் ஓரளவு வெளிறியுள்ளன; அலங்கார மதிப்பு மட்டும்.’ இதன் கீழ் மதிப்பிட்டதன் நோக்கம், நாள், படத்துக்கும் சட்டத்துக்கும் தனித்தனித் தொகை ஆகியவை வர வேண்டும். முன்புறம், பின்புறம், ஓரத்து எழுத்து ஆகியவற்றின் புகைப்படங்களோடு, லூப்பின் மேல் கைப்பேசிக் கேமராவை வைத்து எடுத்த புள்ளி அமைப்பின் படத்தையும் இணைத்துவிடுங்கள். பின்னால் வேறொருவர் இந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், சட்டத்தைக் கழற்றாமலே நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க அது உதவும்.